தகடு இல்லாத சீவுளி

புது மெசின் ஒன்று வந்தால் அதன் பெட்டிக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடக்கும். தின்ன வேண்டாம் என்று அதில் இங்கிலீசில் எழுதியிருக்கிறதாம். மகன்தான் வாசித்துச் சொன்னான். பெட்டிக்குள் ஈரம் வந்தால் அந்தப் பொட்டலம் இழுத்துக்கொள்ளுமாம். நான் புத்தளம் பக்கம் ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் சாமான் அறை பார்க்கிறேன். வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற இடத்துக்குப் பக்கம். பேட்டரியில் சுற்றுகிற ட்ரில், மரம் அறுக்கிற மெசின், கிரைண்டர் எல்லாம் என் பொறுப்பு. காலையில் எடுத்துக் கொடுப்பேன், பின்னேரம் துடைத்து வைப்பேன். யாருடனும் அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை. அதனால் எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பொட்டலங்களை நான் எறிவதில்லை. மற்றச் சாமான்களுக்குள் போட்டு வைப்பேன்.

என் வயதுக்காரர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு விளங்கும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இந்த வேலையைக் கரி செய்தது. எங்கள் வாப்பாவின் ஆயுதப் பெட்டியின் அடியில் எப்போதும் சிரட்டைக் கரி கிடக்கும். எங்கள் பக்கம் தச்சுச் சாமான்களை ஆயுதம் என்றுதான் சொல்வோம். வேப்பம் பலகையில் வாப்பாவே செய்த பெட்டி. நான் அதற்குள் காலை நீட்டிப் படுக்கலாம். படுத்தும் இருக்கிறேன். அடியில் கரி. அதற்கு மேல் ஒரு சாக்கு. சாக்கின் மேல் பாரமான சாமான்கள், மரம் செதுக்குகிற வாச்சி, மரத்தால் செய்த கொட்டாப்புளி, பெரிய சுத்தியல். நடுவில் தூக்கி எடுக்கக்கூடிய ஒரு தட்டு. அதில் உளிகள், சீலைக்குள் சுருட்டியபடி. மூடியின் உட்பக்கத்தில் வாள்கள், தோல் வார் போட்டு மாட்டியபடி. மூடியைத் திறந்தால் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் வரும்.

வாப்பா தோணி வேலை செய்தவர். தோணி, வள்ளம், பிறகு பைபர் போட்டுகளுக்குப் பலகையும் முன் மூக்கான அணியமும். சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கத்துப் பெரிய கடல் மூடிவிடும். போட்டுகளைக் கரைக்கு இழுத்து மரத்தடிகளில் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். ஊரில் எல்லாருக்கும் வேலை இல்லாத காலம் அது. வாப்பாவுக்கு மட்டும் அதுதான் வேலைக் காலம். சோளகம் முடியுமுன் எல்லாப் போட்டும் கடலுக்குத் தயாராக வேண்டும்.

அந்தக் காற்றில் உப்பு இருக்கும். ஒரு உளியை இரவில் வெளியில் வைத்தால் காலையில் சிவந்திருக்கும். அதனால் வேலை முடிந்து வாப்பா வந்ததும் உம்மா பெட்டிக்கு முன்னால் பாயைப் போட்டு உட்காருவா. ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் பூசித் திரும்ப அதனதன் இடத்தில் வைப்பா. வாப்பா குளிக்கப் போய்விடுவார். பலகை இழைக்கிற சீவுளிகளை மட்டும் உம்மா அப்படியே வைப்பதில்லை. ஆப்பைத் தட்டி, சீவுகிற தகட்டை வெளியே எடுத்துவிடுவா. தகடு மரத்துக்குள்ளேயே இருந்தால் மரம் குடித்த உப்பு ஈரத்தில் துருப்பிடிக்கும் என்று சொல்வா. தகடுகளுக்கு வேறாக எண்ணெய் பூசி, எண்ணெய்ச் சீலையில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிஸ்கட் டின்னில் போடுவா. காலையில் வாப்பா தகட்டை வாங்கிப் போட்டுத் தட்டிக்கொண்டு போவார். வேறு வீடுகளிலும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வாப்பா ஒருமுறை சவுதிக்குப் போய் வந்தார். மற்றவர்கள் ரேடியோவும் கம்பளியும் கொண்டு வந்தார்கள். அவர் ஒரு ட்ரில் மெசின் கொண்டு வந்தார். பச்சை உடம்பு, கறுப்புப் பிடி. அங்கே கடையில் மூன்று நான்கு மெசின்களைக் கையில் தூக்கிப் பார்த்து, பாரம் கூடினதை எடுத்ததாகச் சொன்னார். பாரம் குறைந்தது பலகையில் துள்ளுமாம். அதற்காக வீட்டுக்குக் கரண்ட் இழுத்தார். முதலில் பொருத்தியது ப்ளக். பல்பு பிறகுதான் வந்தது. பகலில் ப்ளக்கில் மெசின், இரவில் குப்பி விளக்கு என்று சில நாள் இருந்தோம். பக்கத்து வீட்டார் சிரித்தார்கள்.

அந்த மெசினை வாப்பாவுக்கு அடுத்ததாகத் தொட்டது நானா. என் மூத்த சகோதரர், நானா என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவருக்கு மீசை அரும்பியிருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வாப்பாவோடு போவார். துளை போடும்போது வாப்பா அவருடைய கையைப் பிடிக்க மாட்டார். மெசினைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். நானாவின் துளை நேராக இருக்கும். வருகிற சோளகத்துக்கு நானா முழுதாக வேலைக்கு வருவார் என்று வாப்பா சொல்லியிருந்தார்.

அந்தச் சோளகம் தொடங்கிய கிழமையில் வாப்பா காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்ப ஜனாஸாவாகத்தான் கொண்டு வந்தார்கள். நான் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. முற்றத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த பாதி வேலை முடிந்த ஒரு வள்ளத்தின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் நிழலில் நின்றபடி அந்தப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மையித்தின் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து இறந்தவரின் கொடுக்கல் வாங்கலைக் கேட்பது வழக்கம். உங்களுக்குத் தெரியும். எங்கள் பெரிய வாப்பா எழுந்தார். வாப்பாவின் மூத்த சகோதரர் அவர். உப்பு வியாபாரம் செய்தவர். ஐந்து நேரமும் முதல் வரிசையில் நிற்கிறவர்.

"மவுத்தானவரு யாருக்கும் ஏதும் குடுக்க இரிந்தா, யாருட சாமானும் அவருட கையில இரிந்தா, என்னிட்ட வந்து சொல்லுங்க. நான் பொறுப்பு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மவுத்தானவருடைய சாமான் யாரிடமாவது இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள் என்ற மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை. மறந்தாரோ, அது மரியாதை இல்லை என்று விட்டாரோ தெரியாது. அங்கே யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்த உம்மா கவனித்தா. பள்ளிவாசலில் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் கேட்டா. சொன்னேன். "வேற?" என்றா. வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

உம்மா இத்தா இருந்தா. புருசன் மவுத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அந்நிய ஆண்களுக்கு முன்னால் வருவதில்லை. உள் அறையில் ஒரு திரை. வெள்ளை உடுப்பு. பெரிய வாப்பா புருசனின் சகோதரர்தான், ஆனாலும் அவருக்கும் திரைதான். அவர் தினமும் காலையில் வந்து முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்காருவார். ஆயுதப் பெட்டியை வெளியே தூக்கிவரச் சொல்லித் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திரைக்கும் கதிரைக்கும் இடையில் போய்வர ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு நான்.

நான் கதைக்காத பிள்ளை. "இவன்ட வாயால ஒரு சொல்லு வாங்கப் பல்லுப் புடுங்குறவரத்தான் கூட்டி வரோணும்" என்று பெரிய வாப்பா வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த மாதங்களில் நான் கதைத்த அளவுக்குப் பிறகு எப்போதும் கதைத்ததில்லை. எல்லாம் மற்றவர்களுடைய சொற்கள்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு உளியைக் கேட்டார். போன வருசம் வாப்பா இரவல் வாங்கினதாகச் சொன்னார். பெரிய வாப்பா பெட்டியைத் திறந்து, "உங்கட எதுவோ அத எடுங்க" என்றார். அவர் எடுத்துக்கொண்டு போனார். பிறகு வாச்சி போனது. பிறகு ஒரு வாள். சோளகம் இல்லையா, எல்லாருடைய போட்டும் கரையில் கிடந்தது. வேலை செய்கிற ஆள் மவுத்தாகிவிட்டார். தங்கள் போட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. எல்லாருக்கும் ஆயுதம் தேவையாக இருந்தது.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. வாப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தான் பிடி போட்ட எந்த ஆயுதத்துக்கும் போட்டுக்குப் பூசி மிஞ்சின நீலப் பெயின்டில் ஒரு வளையம் போடுவார். தன்னுடையதற்கும் போடுவார், மற்றவர்கள் பிடி மாற்றக் கொண்டு வந்ததற்கும் போடுவார். ஊரில் பாதி வீடுகளில் நீல வளையம் போட்ட சுத்தியல் இருந்தது. இரவல் கொடுப்பதும் வாங்குவதுமாக எத்தனையோ வருசம். கையில் எடுத்துப் பார்த்தால் எதுவும் தன்னுடையதைப் போலத்தான் தெரிந்திருக்கும்.

யாருடையது எது என்று தெரிந்த ஒரே ஆள் திரைக்குப் பின்னால் இருந்தா. பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் என்னைக் கூப்பிடுவா.

"என்ன எடுத்தாங்க?"

சொல்வேன்.

"அது வாப்பாட. பிடி புளிய மரம். போய்ச் சொல்லு."

போய்ச் சொல்வேன். பெரிய வாப்பா என்னைப் பார்க்காமல் கேட்பார். அவருக்குக் கோபம் வராது. "பொம்புளைக்கு உளியும் வாச்சியும் எல்லாம் ஒண்டுதான். சொல்லு உம்மாக்கிட்ட, ஒரு ஆணியாலயும் என்ட தம்பி கபுருல கேள்விக்கு நிக்கக் கூடாது எண்டு." பிறர் சாமானோடு போனவருக்குக் கபுரில், மண்ணறையில், கேள்வி உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. நான் திரும்பப் போவேன். உம்மா கேட்டுக்கொண்டு இருப்பா. சில நேரம் அவர் சொன்னது திரைக்குப் பின்னாலேயே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருப்பா.

ஒருநாள் உம்மா வேறு விதமாகச் சொல்லி அனுப்பினா. துளை போடுகிற துறப்பணம் ஆலங்குடாவில் ஒரு வீட்டில் இருக்கிறது, பெரிய அறுவை வாள் கனமூலை ஊரில் இருக்கிறது, அவற்றை ஆள் விட்டு எடுக்கச் சொல்லு என்று. பெரிய வாப்பா யோசித்தார். பிறகு, மையித்து வீட்டிலிருந்து போய்ச் சாமான் கேட்பது நமக்கு மரியாதை இல்லை, அவர்களே கொண்டு வருவார்கள் என்றார். அவர்கள் கொண்டு வரவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

நானா இதெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்காகத்தான் உம்மா இந்தப் பாடுபட்டா. ஊரில் இரண்டு மூன்று பேர் நானாவிடம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆயுதம் இருந்தால் அந்தச் சோளகத்திலேயே தொடங்கியிருப்பார். பெரிய வாப்பாவுக்கு எதிரில் நின்று கதைக்கிற வயதும் இல்லை, வழக்கமும் இல்லை. ட்ரில் மெசினை மட்டும் கேட்டார். அதை யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. சவுதியிலிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும்.

"கரண்ட்டு சாமான். வெளையாட்டில்ல" என்றார் பெரிய வாப்பா. "ஒனக்குத்தான் வச்சிரிக்கன். இத்தா முடியட்டும், ஒன்ட கையில தாறன்."

அவர் சொன்னது உண்மை. நானாவுக்காகத்தான் வைத்தார். களவு போகாமல், யாரும் இரவல் கேட்காமல் இருக்க வேண்டும் என்று மெசினைப் பொலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, பசளை உரப்பையில் போட்டுக் கட்டி, பாலாவியில் இருந்த தன்னுடைய உப்பு ஸ்டோருக்குக் கொண்டுபோனார். அவரிடம் பெரிய பூட்டு இருந்த ஒரே இடம் அதுதான். சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. நானாவையும் அங்கேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சும்மா இருக்கக் கூடாது என்று. நானா அந்தச் சோளகம் முழுக்க உப்பு மூட்டை தூக்கினார். உள்ளே உயரத்தில் பலகைத் தட்டின் மேல் அந்த உரப்பை இருந்தது.

அந்த ஸ்டோரை நீங்கள் பார்த்திருந்தால் விளங்கும். அதன் கதவில் இரும்பு கிடையாது. இரும்புப் பிணைச்சல் போட்டால் அடுத்த வருசம் உதிர்ந்து விழும். வாப்பாதான் மரக் குடுமி வைத்துக் கதவு செய்து கொடுத்தவர். பூட்டை மட்டும் பெரிய வாப்பா வருசத்துக்கு வருசம் மாற்றுவார். அப்படிப்பட்ட இடத்தில் மெசினை வைக்க அவருக்கு ஏன் மனம் வந்தது என்று பின்னாளில் எல்லாரும் கேட்டார்கள். பொலித்தீன் அப்போது புதிது. மழையே போகாத சாமானுக்குள் காற்று எப்படிப் போகும் என்று நினைத்திருப்பார்.

நானா வந்து உம்மாவிடம் சொன்னார். அடுத்த நாள் காலையில் பெரிய வாப்பா உட்காருமுன் உம்மா என்னை அனுப்பினா.

"மெசின உப்புக்க வைக்க வேணாமாம்" என்றேன்.

"பொலித்தீன் ரெண்டு சுத்து சுத்தியிரிக்கு எண்டு சொல்லு."

போய் வந்தேன். "ஒருக்காக் கொண்டு வரட்டாம். எண்ணெய் பூசித் தாறாவாம்."

பெரிய வாப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்தாவில இரிக்கிற புள்ள, ஓதிக்கிட்டு இரிக்கட்டும். மெசினப் பத்தி என்னத்துக்கு யோசனை. அது பத்திரமா இரிக்கு."

அதன் பிறகு உம்மா மெசினைப் பற்றிச் சொல்லி அனுப்பவில்லை.

பெட்டி கிட்டத்தட்டக் காலியான நேரத்தில் சம்மாட்டி வந்தார். எங்கள் கரையில் வலையும் போட்டுகளும் வைத்துப் பல பேருக்கு வேலை கொடுத்தவர். பெருத்த ஆள், நல்ல சிரிப்பு. எனக்கு எப்போதும் தோடம்பழ இனிப்புத் தருகிறவர். பெரிய சீவுளி தன்னுடையது என்றார். வாப்பா சவுதிக்குப் போகுமுன் தன்னிடம் வாங்கியது என்றார். பெரிய வாப்பா எடுத்துக் கொடுத்தார். அது வாப்பா தினமும் கையில் வைத்திருந்த சீவுளி. பெரிய விரல் படுகிற இடம் குழிந்திருக்கும். உம்மா, "அதுவா?" என்று மட்டும் கேட்டா.

மறுநாள் சம்மாட்டி திரும்ப வந்தார். சீவுளியைக் கதிரைக்கு முன்னால் வைத்தார்.

"தகடு இல்லையே மொதலாளி. வெறும் மரக்கட்டைய வச்சி நான் என்ன செய்ற? மாங்கா நறுக்கவும் ஏலாது" என்றார். பெரிய வாப்பாவும் சிரித்தார்.

என்னைக் கூப்பிட்டு, தகடு எங்கே என்று உம்மாவிடம் கேட்டுவரச் சொன்னார். நான் போனேன். உம்மா ஓதிக்கொண்டிருந்த கிதாபை மூடி வைத்தா. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அந்தப் பிஸ்கட் டின் இருந்தது. உம்மா அதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

"தகட்டுல ஒரு அடையாளம் இரிக்கு. அது என்ன எண்டு அவரக் கேளு" என்றா. மெதுவாகத்தான் சொன்னா. ஆனால் முற்றம் வரை கேட்கிற மெதுவு.

நான் போய்ச் சொன்னேன். சம்மாட்டியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "தகட்டுக்கு என்ன அடையாளம்? தகடு எண்டா தகடு" என்றார்.

அடையாளம் இருந்தது. ஒரு பழைய தோணிப் பலகையில் கிடந்த ஆணியில் அடிபட்டு ஒரு மூலை சிதறியிருந்தது. வாப்பா எவ்வளவோ தீட்டியும் அந்தச் சிதறல் முழுதாகப் போகவில்லை. அந்தத் தகட்டால் சீவின பலகையில் ஒரு பக்கம் மயிர் போல ஒரு கோடு விழும். நான் அதைத் தொட்டிருக்கிறேன்.

பெரிய வாப்பா சம்மாட்டியைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும் என்று நான் இப்போது நினைக்கிறேன். ஆனால் விளங்கினால் அதற்கு முன் போன வாச்சியும் உளியும் வாளும் எல்லாம் என்னவாகும். அவர் எழுந்து திரைக்குக் கிட்ட வந்து நின்றார். அதுவரை அவர் அவ்வளவு கிட்ட வந்ததில்லை.

"புள்ள, ஒரு தகட்டுக்காக அவனக் கபுருல நிப்பாட்டி வைக்கப் போறியா" என்றார். கெஞ்சுகிற குரல்.

திரைக்கு உள்ளே நான் உம்மாவின் முன்னால் நின்றேன். உம்மாவின் கை விரல்களில் அந்தக் காலத்திலும் எண்ணெய்க் கறுப்பு இருந்தது, நகத்தைச் சுற்றி. அதையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு என்னிடம் சொன்னா.

"தகடு காணாமப் போச்சி எண்டு சொல்லு."

நான் வெளியே வந்து, தகடு காணாமல் போய்விட்டது என்று சொன்னேன்.

சம்மாட்டி தகடு இல்லாத சீவுளியை எடுத்துக்கொண்டு போனார். பெரிய வாப்பா அந்தக் கிழமையே புத்தளம் டவுனுக்குப் போய்த் தன்னுடைய கையால் ஒரு புதுத் தகடு வாங்கி அவருக்குக் கொடுத்தார். தம்பியின் பாரத்தைத் தீர்த்துவிட்ட நிம்மதி அவருடைய முகத்தில் இருந்தது. அன்றைக்கு எனக்கும் ஒரு சோடி செருப்பு வாங்கிவந்தார்.

இத்தா முடிந்தபோது சோளகமும் அடங்கியிருந்தது. போட்டுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. உம்மா குளித்து, வேறு உடுப்பு உடுத்து, முதன்முறையாக முற்றத்துக்கு வந்தா. பெரிய வாப்பா உரப்பையோடு வந்தார். தலையில் புதுத் தொப்பி. கட்டை அவிழ்த்து, பொலித்தீனைப் பிரித்து, மெசினை நானாவின் கையில் கொடுத்தார். பொலித்தீனின் உட்பக்கம் நனைந்திருந்தது. பச்சை உடம்பின் மூட்டுகளில் வெள்ளையும் சிவப்புமாக ஏதோ பூத்திருந்தது. அலகு பிடிக்கிற வாய் திறக்கவில்லை.

நானா ப்ளக்கில் போட்டு அழுத்தினார். உறுமியது. சுற்றவில்லை. ஒரு கருகின மணம் வந்தது. பிறகு உறுமலும் நின்றது. நானா மெதுவாக வயரைக் கழற்றினார், வாப்பா கழற்றுகிற மாதிரி, வயரைப் பிடித்து இழுக்காமல் ப்ளக்கைப் பிடித்து.

"ரெண்டு சுத்து சுத்தினேனே" என்றார் பெரிய வாப்பா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

உம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. சீனி கூடப் போட்டா, அவர் அப்படிக் குடிக்கிறவர்.

அதன் பிறகு சொல்ல அதிகம் இல்லை. நானா காற்று மாறியதும் சம்மாட்டியின் போட்டில் கடலுக்குப் போனார். பிறகு கட்டார் நாட்டுக்கு. அங்கே கம்பெனியின் ஆயுதங்களோடு வேலை செய்தார். பின்னேரம் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இப்போது வந்து ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று உப்பு ஸ்டோருக்குப் போனேன். அங்கே பலகைத் தட்டின் மேல் அந்த உரப்பை இருந்த இடத்தில் தூசு இல்லாத ஒரு சதுரம் கொஞ்ச நாள் தெரிந்தது. பெரிய வாப்பா மவுத்தானபோது ஜனாஸாவில் அவருடைய மகன் எழுந்து கேட்டார். யாரும் ஒன்றும் கேட்டு வரவில்லை. அவர் யாருக்கும் ஒரு ஆணியும் கொடுக்க இருக்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மெசினைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார். ஆயுதப் பெட்டி மட்டும் இருந்தது. உம்மா கரியை மாற்றி மாற்றிப் போட்டு அதில் துணி வைத்தா. உம்ரா யாத்திரை போய் வந்தபோது சம்சம் புனிதத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த, தன் மையித்தைச் சுற்றுவதற்கான கபன் துணியை அதில்தான் வைத்தா. மவுத்தானால் அதை எடுங்கள் என்று என்னுடைய மனைவியிடம் சொல்லி வைத்திருந்தா.

உம்மா போன சோளகத்தில் மவுத்தானா. காற்று ஓடு தூக்குகிற மாதிரி அடித்த ஒரு காலை. குளிப்பாட்டுகிற பெண்கள் கபன் கேட்டார்கள். மனைவி பெட்டியைத் திறந்து எடுத்தா. பிறகு அதை எங்களிடம் கொண்டு வந்தா. நானாவும் நானும் வாசல் கதிரைகளில் இருந்தோம். விரித்துக் காட்டினா. வெள்ளைத் துணியின் நடுவில் காவி நிறத்தில் ஒரு கறை. நீளச் சதுரம். சுற்றி எண்ணெய் ஊறின மஞ்சள். வேறு துணி வாங்க ஆள் அனுப்பவா என்று கேட்டா.

நானா கறையின் மேல் பெரிய விரலை வைத்து அகலத்தை அளந்தார். ஒரு மூலையில் கறை வெட்டுப்பட்டது போல நின்றிருந்தது. அங்கே விரலை நிறுத்தினார்.

"இரிக்கட்டும். இதையே போடுங்க" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன்.

தொழுகைக்கு முன்னால் நானா எழுந்து, உம்மா யாருக்கும் ஏதும் கொடுக்க இருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்றார். நின்றார். தொழுவிக்க நின்ற லெப்பை அவரைத் திரும்பிப் பார்த்தார். நானா இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் வரிசைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். தோளோடு தோள் முட்ட நின்று தொழுதோம்.

மண் போட்டுவிட்டு வந்து நாங்கள் பெட்டியைப் பார்த்தோம். அடியில், சாக்குக்கும் கரிக்கும் நடுவில் எண்ணெய்ச் சீலை இருந்தது. மடித்து மடித்து வைத்ததில் சீலை ஒரு பக்கம் பிய்ந்து எண்ணெயும் துருவும் சாக்கினூடாக மேலே ஏறியிருந்தன. உள்ளே தகடு. பின் பக்கத்தில்தான் துரு. வெட்டுகிற வாய்ப் பக்கம் வெள்ளையாக இருந்தது. நானா நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். நகம் சீவியது.

அதைப் போட எங்களிடம் சீவுளி இல்லை. சம்மாட்டியின் வீட்டில் இப்போது யாரும் மரவேலை செய்வதில்லை. அந்த மரக்கட்டை எந்த அடுப்பில் போனதோ தெரியாது.

நானா தேங்காய் எண்ணெய் கேட்டார். மனைவி கொண்டு வந்தா. மண்ணெண்ணெய் வீட்டில் இல்லை. ஹோட்டல் சாமான் அறையில் இருந்து நான் மறுநாள் கொஞ்சம் கொண்டு வந்தேன், அந்த வெள்ளைப் பொட்டலங்களில் ஒரு கைப்பிடியும் சேர்த்து. தகட்டைத் துடைத்து, பூசி, புதுச் சீலையில் சுற்றினோம். கரியை மாற்றினோம். பெட்டியின் அடியில் வைத்து மூடினோம்.

ஒவ்வொரு மாதமும் ஒருமுறை எடுத்துப் பூசி வைக்கிறேன். காற்று இன்னும் அப்படித்தான் இருக்கிறது.